சுழலும் இறக்கையும் சோரும் உலோகமும்

வானிற் பறக்க வேண்டும் என்னும் வேட்கை மனித இனத்திற்குப் புதிதன்று. சீவக சிந்தாமணியில் சச்சந்த மன்னன் தன் தேவி விசயைக்காக மயிற்பொறி ஒன்றைச் செய்விக்கிறான். அதன் விசையை வலப்புறம் திருகினால் மேலே எழும். இடப்புறம் திருகினால் கீழே இறங்கும். கருவுற்றிருந்த அரசி அதிலேறித் தப்பிச் சென்று சுடுகாடு ஒன்றில் இறங்கியதாகத் திருத்தக்கதேவர் பாடியிருக்கின்றார். ஓடுபாதை வேண்டாமல் நின்ற இடத்திலிருந்தே எழுந்து, வேண்டிய இடத்தில் இறங்கும் ஊர்தி என்னும் எண்ணம் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே ஒரு தமிழ்ப் புலவரின் உள்ளத்தில் முகிழ்த்திருக்கின்றது. இதனைச் சான்றாகக் காட்டி, ஹெலிகாப்டரைக் கண்டுபிடித்தவர் தமிழரே என்று மேடையில் முழங்குவோரும் உளர். அது பேதைமை. கற்பனை வேறு, கணக்கும் உலோகமும் வேறு.

கணக்கும் உலோகமும் ஒன்றுகூடிய நாள் 1939ஆம் ஆண்டு செப்டம்பர் 14. ருஷ்யப் பேரரசின் கீவ் நகரில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய இகோர் சிகோர்ஸ்கி, தாம் அமைத்த வி.எஸ்.300 என்னும் ஊர்தியைத் தரையோடு கயிற்றால் பிணித்தபடியே சற்று உயர எழுப்பிக் காட்டினார். அதன்பின் பத்தாண்டு கடந்த சிறிது காலத்திலேயே அவ்வூர்தி நம் மண்ணிற்கும் வந்துவிட்டது. அவசரகாலத்தின்போது, 1950இல், பிரிட்டிஷ் விமானப்படை சிங்கப்பூரைத் தளமாகக் கொண்டு ஒரு மீட்புப் பிரிவைத் தொடங்கிற்று. தும்பி எனப் பொருள்படும் ‘டிராகன்பிளை’ ஹெலிகாப்டர்கள் மலாயாக் காடுகளின் நடுவே காயமுற்றுக் கிடந்தோரை மருத்துவமனைக்குத் தூக்கி வந்தன. 1983ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள், துரப்பணக் கப்பல் ஒன்றின் கோபுரம் செந்தோசாத் தீவின் கம்பிவட ஊர்தியில் மோதியதில் எழுவர் மாண்டனர். இரவு முழுவதும் கடலுக்கு மேலே தொங்கிய பெட்டிகளில் சிக்கித் தவித்த 13 பேரை ஒவ்வொருவராக மீட்டவை சிங்கப்பூர் விமானப்படையின் ஹெலிகாப்டர்களே.

இவ்வாறு உயிர்காக்கும் ஊர்தியே சிற்சில வேளைகளில் உயிர்குடிக்கும் ஊர்தியாகிவிடுவது ஏன்? வானிலேயே அது சிதைந்து வீழ்வதற்கு உரிய காரணங்கள் யாவை? செய்தித்தாளில் விபத்துச் செய்தி வரும்போதெல்லாம் நாம் விதியை நொந்துகொண்டு அடுத்த பக்கத்தைப் புரட்டுகின்றோம். விதி என்று ஒதுக்காமல் உடைந்த துண்டுகளைக் கடலடியிலிருந்தும் காட்டிலிருந்தும் பொறுக்கியெடுத்து ஆராய்ந்தவர்களின் வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

இறக்கை சுழல்வதால் வரும் இடர்

சாதாரண விமானத்தின் இறக்கை அசையாமல் நிற்கின்றது. ஹெலிகாப்டரின் இறக்கைகளோ தண்டு ஒன்றின் உச்சியில் சுழல்கின்றன. முன்னோக்கிப் பறக்கும்போது, ஒரு பக்கத்து இறக்கை எதிர்காற்றை நோக்கி விரைகின்றது. மறு பக்கத்து இறக்கை காற்றோடு பின்வாங்குகின்றது. ஆகவே ஒரு பக்கம் தூக்குவிசை மிகும்; மறு பக்கம் குறையும்; ஊர்தி கவிழும். ஸ்பெயின் நாட்டுப் பொறியியலாளர் ஹுவான் டி லா சியர்வா இந்தச் சிக்கலுக்குத் தீர்வு கண்டார். இறக்கைகளின் அடியில் கீல் வைத்து, அவை மேலும் கீழும் அசைய இடங்கொடுத்தார். 1923இல் அவருடைய ‘ஆட்டோஜைரோ’ நன்கு பறந்தது. வேகம் குறைந்தாலும் விழாத ஊர்தி ஒன்றைப் படைக்க வேண்டும் என்பதே அவருடைய வாழ்நாள் வேட்கை. அத்தகையவர் 1936ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள், லண்டனை அடுத்த குரோய்டனில், மூடுபனியில் எழும்பிய சாதாரணப் பயணி விமானம் ஒன்று வீழ்ந்ததில் உயிர் நீத்தார்.

சியர்வா வைத்த கீல்தான் பிற்கால ஹெலிகாப்டர் அனைத்திற்கும் வழி வகுத்தது. எனினும் கீல், பேரிங், தண்டு, பல்சக்கரம் என உறுப்புகள் பெருகப் பெருக, உடையக்கூடியவையும் பெருகின. விமானத்தில் ஓர் எஞ்சின் நின்றால் மற்றொன்று உதவும். எல்லாம் நின்றாலும் இறக்கைகள் மிதந்து செல்ல உதவும். ஹெலிகாப்டரிலும் எஞ்சின் நின்றால், கீழிறங்கும் காற்றோட்டத்தால் இறக்கைகளைச் சுழலவிட்டு மெல்ல இறங்கலாம். ஆனால் இறக்கைகளைத் தாங்கும் அந்த ஒரே தண்டோ அதன் பல்சக்கரமோ முறிந்தால் மாற்று ஏற்பாடு இல்லை. ஒற்றைத் தூணின்மேல் கட்டிய மண்டபத்தில் தூண் சரிந்தால் எஞ்சுவது என்ன?

உலோகமும் சோர்வடையும்

உடலுழைப்பால் மனிதன் களைப்படைவான். இரும்புமா களைப்படையும் என்று மாணவர் கேட்பதுண்டு. ஆம், களைப்படையும். மெல்லிய கம்பியை ஒருமுறை வளைத்தால் உடையாது. முன்னும் பின்னும் பலமுறை வளைத்தால் உடைந்துவிடும். இதனையே உலோகச் சோர்வு என்கின்றோம். மயிலிறகே ஆயினும் அளவுக்கு மீறி ஏற்றினால் வண்டியின் அச்சு முறியும் என்று வள்ளுவர் வலியறிதலில் எச்சரித்தார். உலோகச் சோர்வு அதனினும் நுட்பமானது. அளவு மீறாத பாரமே கோடிமுறை ஏறி இறங்கினால் அச்சு முறியும் என்பது அதன் பாடம். 1842இல் பிரான்சின் வெர்சாய் நகரருகே ரயில் எஞ்சினின் அச்சு முறிந்து பலர் கருகி மாண்டபின்தான் பொறியியல் உலகம் இதனைக் கருதிப் பார்க்கத் தொடங்கியது.

வானூர்தி உலகம் இப்பாடத்தைப் பெருவிலை கொடுத்துக் கற்றது 1954இல். அவ்விபத்தில் சிங்கப்பூருக்கும் தொடர்புண்டு. சிங்கப்பூரிலிருந்து லண்டனுக்குப் புறப்பட்ட ‘கோமெட்’ ஜெட் விமானம் ஜனவரி 10ஆம் நாள் ரோமாபுரியை விட்டு எழும்பிய சிறிது நேரத்தில் எல்பாத் தீவருகே வானிலேயே சிதறியது. அதிலிருந்த 35 பேரும் மாண்டனர். ஏப்ரல் 8ஆம் நாள் மற்றொரு கோமெட் நேபிள்ஸ் அருகே அவ்வாறே வீழ்ந்தது; 21 பேர் மாண்டனர். பிரிட்டனின் பார்ன்பரோ ஆய்வாளர்கள் ஒரு கோமெட்டின் உடற்பகுதியைப் பெரிய நீர்த்தொட்டிக்குள் வைத்து, பறக்கும்போது ஏற்படும் காற்றழுத்தத்தை நீரால் உண்டாக்கி, ஏற்றியும் இறக்கியும் சோதித்தனர். முன்பு உண்மையாகப் பறந்ததையும் சேர்த்துச் சுமார் 3,000 முறை அழுத்தம் ஏறி இறங்கியபோது உடற்பகுதி பிளந்தது. சாளரத் திறப்பின் மூலையருகே தோன்றிய மயிரிழை வெடிப்பே கூற்றுவன் என்பது உறுதியாயிற்று.

கோமெட்டுக்கு மூவாயிரம் சுற்று. ஹெலிகாப்டருக்கு எத்தனை? கரும்பலகைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். ‘சூப்பர் பூமா’ வகை ஹெலிகாப்டரின் சுழலி நிமிடத்திற்கு ஏறத்தாழ 265 முறை சுழல்கின்றது. ஒரு மணிக்கு 15,900. ஆயிரம் மணி நேரம் பறந்தால் 1 கோடியே 59 லட்சம். ஒவ்வொரு சுற்றிலும் ஒவ்வோர் இறக்கையும் மேலும் கீழும் அசைகின்றது. எஞ்சினின் மிகு வேகத்தைச் சுழலியின் குறைந்த வேகமாக்கும் கியர்ப் பெட்டியினுள் பல்சக்கரங்கள் படும் பாடு இதனினும் பெரிது. வெர்சாய் அச்சும் கோமெட் உடலும் பட்ட துன்பத்தை ஹெலிகாப்டரின் உறுப்புகள் நாள்தோறும் படுகின்றன.

முறிந்தவை கூறும் சான்று

1968இல் அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் விமான நிலையத்திற்கும் டிஸ்னிலேண்டு அருகிலுள்ள அனஹைமிற்கும் இடையே ஹெலிகாப்டர்ப் பயணச் சேவை நடந்துவந்தது. மே 22ஆம் நாள் அச்சேவையின் சிகோர்ஸ்கி எஸ்.61 ஒன்று பாரமவுண்ட் பகுதியில் வீழ்ந்து 23 பேர் மாண்டனர். 84 நாள் கழித்து, ஆகஸ்டு 14ஆம் நாள், அதே நிறுவனத்தின் அதே வகை ஊர்தி காம்ப்டன் பகுதியில் வீழ்ந்து 21 பேர் மாண்டனர். இரண்டாம் விபத்தின் காரணம் தெளிவாகத் தெரிந்தது. இறக்கையைச் சுழலித் தலையோடு பிணைக்கும் உறுப்பில் உலோகச் சோர்வு வெடிப்பு ஏற்பட்டு, இறக்கை தனியே பிய்ந்து பறந்துவிட்டது. அவ்வுறுப்பின் உலோகம் உரிய கடினத்தன்மையைப் பெறவில்லை. சிறு குண்டுமணிகளைப் பரப்பின்மேல் வீசியடித்து இறுக்கம் ஊட்டும் வேலையும் அவ்விடத்தில் அரைகுறையாகவே நடந்திருந்தது. பட்டறையில் அன்று செய்யாமல் விட்ட சிறு வேலை, ஆண்டுகள் கழித்து வானத்தில் பழிவாங்கிற்று.

1986ஆம் ஆண்டு நவம்பர் 6ஆம் நாள் வடகடலின் பிரெண்ட் எண்ணெய்க் களத்திலிருந்து 47 பேருடன் திரும்பிய சினூக் ஹெலிகாப்டர், ஷெட்லாந்துத் தீவின் சம்பர்க் நிலையத்தை நெருங்கியபோது கடலில் வீழ்ந்தது. விமானி ஒருவரும் பயணி ஒருவரும் மட்டுமே பிழைத்தனர். 45 பேர் மாண்டனர். சினூக்கிற்கு முன்னும் பின்னுமாக இரண்டு சுழலிகள். இரண்டின் இறக்கைகளும் ஒன்றன் வழியில் மற்றொன்று குறுக்கிடும். பல்சக்கரங்கள் அவற்றைத் தாளம் தவறாமல் சுழற்றுவதால் மோதுவதில்லை. முன்பக்கக் கியர்ப் பெட்டியின் பல்சக்கர வளையம் முறிந்தது, தாளம் தவறியது, இறக்கைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டன. முறிந்த வளையம் பழைய வடிவம் அன்று. திருத்தியமைக்கப்பட்ட புதிய வடிவம். திருத்தத்தைப் போதிய அளவு சோதிக்காமல் ஏற்றுக்கொண்டதை ஆய்வறிக்கை குறையாகச் சுட்டிற்று. குறையை நீக்க வந்த மாற்றமே குறையாக முடிந்தது. இத்தகைய விபத்துகளின் விளைவாக, 1990களில் அதிர்வுகளை இடைவிடாது பதிவு செய்து உறுப்புகளின் நலத்தைக் காட்டும் கருவிகள் வடகடல் ஹெலிகாப்டர்களில் இடம்பெறலாயின. மருத்துவர் நாடி பார்ப்பது போன்றது அக்கருவியின் பணி.

ஒரு துணுக்கு சொன்ன செய்தி

என் உள்ளத்தை மிகவும் வருத்திய நிகழ்ச்சி 2009இல் நடந்ததாகும். கியர்ப் பெட்டியின் எண்ணெயில் உலோகத் துணுக்கு மிதந்தால் அதனைப் பிடித்துக் காட்டும் காந்தக் கருவி ஹெலிகாப்டர்களில் உண்டு. அவ்வாண்டு மார்ச் 25ஆம் நாள், சூப்பர் பூமா ஒன்றைப் பராமரித்தோர் அக்கருவியில் ஒரு துணுக்கைக் கண்டனர். உற்பத்தி நிறுவனத்தோடு தொலைபேசியிலும் மின்னஞ்சலிலும் கலந்தனர். ஆயினும், ஒருவர் சொன்னது மற்றவர்க்குச் சரியாக விளங்கவில்லை. துணுக்கு எந்த உறுப்பிலிருந்து வந்தது என்பது தவறாகக் கணிக்கப்பட்டது. அப்பகுதியைப் பிரித்துப் பார்க்காமலே ஊர்தி மீண்டும் பறக்கவிடப்பட்டது. சுமார் 36 மணி நேரம் பறந்தது. ஏப்ரல் 1ஆம் நாள், மில்லர் எண்ணெய் மேடையிலிருந்து திரும்பும் வழியில், ஸ்காட்லாந்தின் பீட்டர்ஹெட் அருகே சுழலி முழுவதுமாகப் பிய்ந்து, இறக்கைகள் ஊர்தியின் வாற்பகுதியையே வெட்டின. அதிலிருந்த 16 பேரும் மாண்டனர்.

கடலடியிலிருந்து எடுத்த துண்டுகள் உண்மையைக் கூறின. சூரியனைச் சுற்றும் கோள்களைப் போல நடுச்சக்கரத்தைச் சுற்றிவரும் பல்சக்கரங்களுள் ஒன்று, உலோகச் சோர்வால் பிளந்திருந்தது. மார்ச் 25இல் கிடைத்த துணுக்கு அந்தச் சக்கரத்தின் துணுக்கே. அதன்பின் வேறு துணுக்கு ஏன் அகப்படவில்லை? துணுக்குகள் கீழ்ப்பகுதிக்குச் சென்று கெடுதல் விளைக்காதிருக்க, நடுவே காந்த வளையம் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. காப்பதற்காக வைத்த அக்காந்தம், எச்சரிக்கும் கருவிக்குத் துணுக்குகள் சென்று சேரும் வாய்ப்பைக் குறைத்துவிட்டது. ஆய்வறிக்கையின் இப்பகுதியைப் படிக்கும் எவர் நெஞ்சும் கலங்கும். உலோகம் தன்னாலியன்ற மொழியில் ஒருமுறை பேசிவிட்டது. கேட்டவர்கள் அதனைப் புரிந்துகொள்ளவில்லை.

ஏழாண்டுகள் கழித்து, 2016ஆம் ஆண்டு ஏப்ரல் 29ஆம் நாள், அக்குடும்பத்தைச் சேர்ந்த மற்றொரு ஹெலிகாப்டர் நார்வேயின் துரோயித் தீவருகே வீழ்ந்தது. சுழலி தனியே பிரிந்து பறந்து சென்று வேறோர் இடத்தில் வீழ்ந்தது. 13 பேர் மாண்டனர். முறிந்ததும் அதே வகைக் கோள் பல்சக்கரமே. இம்முறை வெடிப்பு பரப்பிற்கு அடியிலேயே வளர்ந்ததால் எச்சரிக்கத்தக்க துணுக்கு எதுவும் அகப்படவில்லை. விமானிகள்மீதோ பராமரித்தோர்மீதோ பிழை காணப்படவில்லை. இவ்வாறும் முறியக்கூடும் என்பதை வடிவமைத்தோர் முன்கூட்டியே கருதவில்லை என 2018இல் நார்வே ஆய்வுக் குழு அறிவித்தது. துணுக்கு வரும், அதனைப் பிடிக்கலாம் என்று நம்பியிருந்த காவல்முறையே போதாது என்பதை உலகம் அன்று அறிந்தது.

தண்டில் மோதும் சுழலியும் மேகத்தில் மயங்கும் கண்ணும்

உலோகக் குறை சிறிதும் இல்லாத ஹெலிகாப்டரும் வானிற் சிதைவதுண்டு. இரண்டே இறக்கைகள் கொண்ட சில வகைகளில், சுழலித் தலை துலாக்கோல் போல ஒரே கீலில் ஊசலாடுகின்றது. விமானி கைப்பிடியைத் திடீரென முன்னே தள்ளினால், மேட்டில் விரைந்தேறி இறங்கும் வண்டியில் உடல் இலேசாவது போல, ஊர்தி ஒரு கணம் எடையற்றதாகின்றது. அப்போது வால் சுழலியின் விசை ஊர்தியை ஒரு பக்கம் சாய்க்கின்றது. இயல்புணர்ச்சியால் விமானி கைப்பிடியை மறு பக்கம் இழுப்பார். பளுவில்லாத சுழலியோ ஊர்தியைத் திருப்புவதற்கு மாறாகத் தான் மட்டும் சாய்ந்து, தன் தண்டிலேயே மோதி, அதனை முறிக்கின்றது. அல்லது இறக்கை ஊர்தியின் உடலை வெட்டுகின்றது. வியட்நாம் போரில் அமெரிக்கப் படையினர் இதனால் பலரை இழந்தனர். பின்னர் ராபின்சன் நிறுவனத்தின் சிறு ஹெலிகாப்டர்களில் இத்தகைய விபத்துகள் நேர்ந்தமையால், 1995இல் அமெரிக்க அரசு அவற்றை ஓட்டுவோர்க்குத் தனிப்பயிற்சியைக் கட்டாயமாக்கிற்று. முதலில் கைப்பிடியை மெல்லப் பின்னே இழுத்துச் சுழலிக்குப் பளுவை மீட்டுக் கொடுத்து, அதன்பின் சாய்வைத் திருத்துக என்பதே அப்பயிற்சியின் சாரம். இயல்புணர்ச்சி தவறு செய்யும் இடத்தில் பயிற்சிதான் காக்கும்.

மேகமும் மூடுபனியும் மற்றொரு பகை. தொடுவானம் மறைந்தால் மனிதனின் கண்ணும் காதும் மேல் கீழ் அறியாது மயங்குகின்றன. 2020ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் கூடைப்பந்து வீரர் கோபி பிரையன்ட் உட்பட ஒன்பது பேர் கலிபோர்னியாவில் மாண்டது இத்தகைய மயக்கத்தாலேயே. 2021ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள், சூலூரிலிருந்து வெலிங்டனுக்குச் சென்ற இந்திய விமானப்படையின் எம்.ஐ.17 ஹெலிகாப்டர் குன்னூர் அருகே வீழ்ந்து, முப்படைத் தலைமைத் தளபதி பிபின் ராவத் உட்பட 14 பேர் மாண்டனர். சதி என்றும் வெடிகுண்டு என்றும் அன்று பரவிய வதந்திகளுக்கு அளவில்லை. பதிவுக் கருவிகளை ஆராய்ந்த விசாரணைக் குழு, சதியும் இல்லை, இயந்திரக் கோளாறும் இல்லை, எதிர்பாராத வானிலை மாற்றத்தால் மேகத்திற்குள் நுழைந்து திசை மயங்கியதே காரணம் என்று முடிவுரைத்தது. ஊர் வாய் ஒரு நாளில் சொன்னதை மறுக்க அறிஞர்களுக்கு ஒரு திங்களுக்கு மேல் ஆயிற்று. உண்மை மெல்ல நடக்கும்.

நம் நாட்டுத் துயரத்தையும் இங்கே நினைவுகூர்தல் கடமை. 2024ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள், லூமுட் கடற்படைத் தளத்தில், அரச மலேசியக் கடற்படையின் 90ஆம் ஆண்டு விழா ஒத்திகையின்போது அணிவகுத்துப் பறந்த இரு ஹெலிகாப்டர்கள் மோதிக்கொண்டன. வீரர் பத்துப்பேரும் மாண்டனர். நெருங்கிப் பறக்கும்போது இடைவெளியே உயிர். அது குறைந்தால் திறமையும் அனுபவமும் உதவிக்கு வருவதற்கு நேரம் இருப்பதில்லை.

நமக்குரிய பாடம்

இவ்விபத்துகளை ஒருசேர நோக்கினால் காரணங்கள் மூவகைப்படும்: சோர்ந்த உலோகம், வடிவமைப்பின் எல்லையை மீறிய இயக்கம், மனிதப் புலன்களின் மயக்கம். மூன்றிற்கும் பொதுவான உண்மை ஒன்றுண்டு. பெரும்பாலான கேடுகள் சிறு அறிகுறியாகவே முதலில் தோன்றுகின்றன. மயிரிழை வெடிப்பு, காந்தத்தில் ஒட்டிய துணுக்கு, மலையுச்சியில் திரளும் மேகம் ஆகியவற்றை எவரேனும் ஒருவர் காண்கின்றார். கண்டவர் சொல்ல வேண்டும். கேட்டவர் உணர வேண்டும். வள்ளுவர் பொச்சாவாமை என்று தனி அதிகாரமே வகுத்ததன் அருமை இங்கே விளங்கும்.

இது நமக்குத் தொலைவான செய்தியன்று. கெர்த்தேயிலிருந்து எண்ணெய் மேடைகளுக்கு ஹெலிகாப்டரில் சென்று திரும்பும் தொழிலாளர் நம்மிடையே உள்ளனர். சுபாங்கிலும் செலேத்தாரிலும் ஹெலிகாப்டர்களைப் பழுதுபார்க்கும் பணிமனைகள் உள்ளன. இன்று தமிழ்ப்பள்ளியின் பெஞ்சில் அமர்ந்திருக்கும் மாணவன் நாளை அப்பணிமனையில் உருப்பெருக்கிக் கண்ணாடியுடன் நிற்கக்கூடும். அவனுடைய விரல் நுனியில் ஒரு நாள் ஓர் உலோகத் துணுக்கு ஒட்டியிருக்கும். அப்போது, “ஐயா, இஃது எங்கிருந்து வந்தது என்று தெரியும்வரை இவ்வூர்தி பறக்கக் கூடாது,” என்று தன் மேலதிகாரியின் முகத்தை நோக்கிப் பணிவோடும் உறுதியோடும் கூறும் துணிவு அவனுக்கு வேண்டும்.

அத்துணிவு பணிமனையில் திடீரென முளைப்பதன்று. ஆசிரியர் கரும்பலகையில் தவறாக எழுதியதைச் சுட்டிக் காட்டும் மாணவனை நாம் அதட்டி அமர வைக்கின்றோமா, அருகழைத்துப் பாராட்டுகின்றோமா என்பதில்தான் அதன் வித்து இருக்கின்றது. வகுப்பறையில் வாய் மூடப் பழகியவன் பணிமனையிலும் வாய் மூடியே இருப்பான். ஆகவே கேள்வி கேட்கும் பிள்ளைகளை வளர்ப்போம். வானத்திற் செல்வோரின் உயிர்க்குத் தரையில் நாம் செய்யக்கூடிய காவல் அதுவே.